கடைச் சாப்பாட்டுக் கழிவைப் புதைத்தேன், கத்தரி மஞ்சளாகிப் போயிற்று: பிழை எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 12 கிலோ அளவில் கழிவு வருகிறது. மரக்கறித் தோல், மிச்சச் சோறு, கறி, மீன் தலையும் குடலும், பால் பிழிந்த தேங்காய்ப்பூ, முட்டைக்கோது எல்லாம் அதில் இருக்கும். வீட்டு மணல் வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். ஏன் வீணாக்குவான் என்று கழிவைக் கன்றடியில் புதைத்தேன். பத்து நாளில் கத்தரியின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன, மிளகாய் இலைகளின் ஓரம் கருகிவிட்டது, இரவில் நாய் வந்து கிண்டுகிறது. பிறகு கிடங்கு வெட்டி அதற்குள் கொட்டினேன். நாற்றம், புழு, அயல் வீட்டாரோடு மனக்கசப்பு. சாம்பல் தூவச் சொன்னார்கள், தூவியதும் மூக்கை எரிக்கிற மணம் வந்தது. இந்தக் கழிவை எருவாக்க வழி உண்டா, விட்டுவிடவா?
வாசகி, ஆரையம்பதி

பதில்: விட்டுவிட வேண்டாம், சகோதரி. நாளுக்கு 12 கிலோ என்றால் மாதத்துக்கு 360 கிலோ. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை மணலுக்கு அது பெரிய சொத்து. உங்கள் மண்ணில் தண்ணீரும் தங்காது, பசளையும் தங்காது. இரண்டையும் பிடித்து வைப்பது உக்கிய சேதனப் பொருள்தான். ஆனால் நீங்கள் கன்றுக்குக் கொடுத்தது உக்காத சாப்பாடு. அது உக்குவதற்குக் காய்ந்த சருகும் மூன்று மாத காலமும் வேண்டும். இரண்டும் கிடைக்காததால்தான் இவ்வளவு தொல்லையும்.

முதலில் கன்றுகளைப் பார்ப்போம். கத்தரிக்கு வந்ததும் மிளகாய்க்கு வந்ததும் ஒன்றல்ல.

கத்தரியின் அடி இலைகள் ஒரே சீராக வெளிறி மஞ்சளாவது நைதரசன் பட்டினி. சோறு முழுக்க மாப்பொருள். மண்ணுக்குள் போனதும் பற்றீரியாவும் பங்கசும் அதைத் தின்று பெருகும். அவை பெருக நைதரசன் வேண்டும். சோற்றில் உள்ளது போதாததால் மண்ணில் கிடக்கும் கொஞ்சத்தையும் அவை இழுத்துக்கொள்ளும். கன்று அப்போது பழைய இலையிலுள்ளதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். அதனால்தான் அடி இலை முதலில் மஞ்சளாகிறது. இன்னொன்றும் நடந்திருக்கலாம். அழுகும் சாப்பாடு வேரைச் சுற்றியுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே மத்தியானத்தில் கன்று வாடி நின்றிருந்தால் வேர் மூச்சுத் திணறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்க்கு வந்தது உப்பு. இலையின் நடு பச்சையாக இருக்க ஓரம் மட்டும் கருகுவது அதற்கு நல்ல அடையாளம். கறி, சம்பல், சொதி எல்லாவற்றிலும் உப்பு உண்டு. மிளகாயும் போஞ்சியும் வெங்காயமும் உப்பைத் தாங்காத பயிர்கள். தக்காளி ஓரளவு தாங்கும், பீற்றூட் நன்றாகத் தாங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள உங்கள் பக்கத்தில் ஆடி ஆவணியில் சில கிணறுகளின் தண்ணீரே உவர்ப்பு ஏறிவிடும். அந்தத் தண்ணீரோடு கறி உப்பும் சேர்ந்தால் மிளகாயால் நிற்க முடியாது. ஓரம் கருகாமல் இலை சுருண்டு மட்டும் இருந்தால் அது பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ செய்யும் வேலை. அதற்கு எருவால் பரிகாரம் இல்லை. ஒரு கிளையை முறித்துக்கொண்டு போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கன்றடியில் புதைத்ததில் மிச்சம் இருப்பதைக் கையால் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். வேரை அறுக்கும் அளவுக்கு ஆழம் போக வேண்டாம். பிறகு கிணறுகளில் எதில் தண்ணீர் நல்லதோ அதிலிருந்து எடுத்து, இரண்டு நாள் அடுத்தடுத்துக் கன்றுக்கு ஒரு வாளி வீதம் மெதுவாக ஊற்றுங்கள். மணலில் உப்பு சீக்கிரம் கழுவுண்டு கீழே போகும். மணல் மண்ணின் வசதி அது. கத்தரிக்கு ஒரு தேக்கரண்டி யூரியாவைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவித் தண்ணீர் விடலாம். யூரியா வேண்டாம் என்றால் கிளிசரிடியாப் பச்சை இலையை நறுக்கிக் கன்றைச் சுற்றி ஒரு கிலோ அளவில் பரப்புங்கள். மிளகாய்க்குப் புதுக்குருத்து வரும்வரை எதுவும் போட வேண்டாம்.

இனிக் கிடங்கு. கிடங்குக்குள் காற்றுப் போகாது. சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். அது அமுங்கிச் சேறாகி, காற்றில்லாமல் அழுகும்போது வருவதுதான் அந்த நாற்றம். மாரியில் உங்கள் வளவில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அப்போது கிடங்கு குட்டையாகிவிடும். ஆகவே எழுவான்கரையில் கூட்டெருவுக்குக் கிடங்கு வெட்டுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன், மேடுதான் சரி. சாம்பலால் வந்த மணம் அமோனியா. சாம்பல் காரம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள நைதரசனை அது அமோனியா வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கத்தரிக்குப் போகவேண்டிய பசளைதான் அப்படி மூக்கில் ஏறியது. சுண்ணாம்பும் இதையே செய்யும். அடுப்புச் சாம்பல் இருந்தால் கிழமைக்கு ஒரு கைப்பிடி போதும்.

கூட்டெருவின் கணக்கு இலகுவானது. எருவாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காபன் 25 முதல் 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு கிடைக்கவேண்டும். மரக்கறிக் கழிவில் அந்த விகிதம் 15 அளவில் இருக்கும், மீன் கழிவில் 5க்கும் குறைவு. காய்ந்த சருகில் 50 அளவு, வைக்கோலில் 60க்கு மேல், மரத்தூளில் பல நூறு. ஈரமும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 50 முதல் 60 வீதத்துக்குள் நிற்கவேண்டும். மூன்று கிலோ கழிவுக்கு ஒரு கிலோ காய்ந்த சருகு சேர்த்தால் காபன் கணக்கும் ஈரக் கணக்கும் ஒன்றாகவே சரிவரும். தராசு வேண்டாம். உங்கள் 12 கிலோ ஏறக்குறைய ஒரு பெயின்ற் வாளி. அதற்கு அதே வாளியால் சருகு மூன்று வாளி, கையால் அமுக்கி நிரப்பினால் இரண்டு.

அப்படியென்றால் நாளுக்கு நாலு கிலோ, மாதத்துக்கு 120 கிலோ சருகு வேண்டும். அமுக்கிக் கட்டிய உரப்பையில் பன்னிரண்டு பதினைந்து வரும். இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான், கழிவு அல்ல. சருகு முடிந்த நாளிலிருந்து நாற்றம் தொடங்கும். மா, பலா, பூவரசு, வேம்பு, மரமுந்திரிகை இலைகள் எல்லாம் நல்லவை. தென்னோலையும் சவுக்கு இலையும் உக்க நாளெடுக்கும், அவற்றை அடித்தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரத்தில் அயல் வளவுகளில் கூட்டிக் குவித்து எரிப்பது இந்தச் சருகைத்தான். எரிக்க முன் கேட்டு வாங்குங்கள், நாற்றத்துக்கு மனக்கசப்பான அயல் வீட்டாரிடமும் கேளுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வட்டைகளில் வைக்கோல் குவிந்து கிடக்கும், பெரும்போகத்தில் மாசி பங்குனியிலும் சிறுபோகத்தில் ஆவணி புரட்டாதியிலும். அதைச் சாண் நீளத்துக்கு வெட்டிச் சேருங்கள். நெல் ஆலை உமி இலகுவில் உக்காது, ஆனால் குவியலுக்குள் காற்றோட்டம் தரும். மொத்தச் சருகில் கால் பங்குக்கு மேல் உமி வேண்டாம். மரத்தூள் எடுத்தால் வர்ணமும் இரசாயனமும் படாத மரத்தின் தூளாக இருக்கட்டும்.

கடையில் கழிவைப் பிரிப்பதற்கு இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சமைக்காதது: மரக்கறித் தோல், பழத்தோல், வடித்த தேயிலை, முட்டைக்கோது, கீரைத் தண்டு. மற்றதில் சமைத்தது. சமைத்ததை ஓட்டைக் கூடையில் கொட்டி ஆணத்தை வடியவிட்டு, ஒரு தரம் தண்ணீர் ஊற்றி அலசி எடுத்தால் உப்பில் பெரும்பகுதியும் எண்ணெயில் கொஞ்சமும் போய்விடும். அலசினாலும் மொத்தக் கழிவில் சமைத்தது கால் பங்கைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் மிஞ்சும் சோற்றைக் கோழிக்கோ மாட்டுக்கோ கொடுங்கள். பொரித்த எண்ணெய், ஊறுகாய், கருவாட்டுத் தலை, பெரிய எலும்பு, சிரட்டை எதுவும் குவியலுக்கு ஆகாது. பால் பிழிந்த தேங்காய்ப்பூவில் எண்ணெய் இருப்பதால் கட்டியாகப் போட்டால் புளித்து எறும்பு ஏறும். சருகோடு பிசறித் தூவினால் நன்றாக உக்கும்.

சாப்பாட்டுக் கடைக் கழிவில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வது சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது, ஆனாலும் சோற்றோடு ஒட்டிய துண்டுகள் இன்றும் வாளிக்குள் விழும். அது உக்காது. மண்வெட்டி பட்டுக் கிழிந்து, விரல் நகத்தளவு துண்டுகளாகி மணலோடு கலந்துவிட்டால் பிறகு பொறுக்கவே முடியாது. றபர் பட்டி, பால்மாப் பக்கற்றின் மூலை, பல்குத்தி, தேயிலைப் பையின் நூல் எல்லாம் இதோடு சேரும். வாளியிலேயே பொறுக்கினால் ஐந்து நிமிடம், எருவான பிறகு பொறுக்கினால் அரை நாள்.

அரிசி கழுவிய தண்ணீரைக் கழிவில் ஊற்றவே வேண்டாம். அதில் உப்பில்லை, நேரே கன்றுக்கு விடலாம்.

இனிக் கூடு. 1.2 மீற்றர் உயரமான கம்பி வலையில் 3.3 மீற்றர் நீளம் வெட்டி, வட்டமாக வளைத்து முனைகளைக் கம்பியால் கட்டினால் ஒரு மீற்றர் அகலமான கூடு வரும். இதைவிடச் சிறிதாக்க வேண்டாம். அகலம் குறைந்தால் நடுவில் சூடு பிடிக்காது. இடம் மேடாக இருக்கவேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழவேண்டும், கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்கவேண்டும். மணலில் எருச்சாறு வேகமாக இறங்கிக் கிணற்றுக்குப் போகும் என்பதால் இந்த 50 அடியில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டின் அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் கீழே இருக்கக் கவிழ்த்து அடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். மட்டைக்கு மேல் ஒரு சாண் உயரம் சுள்ளியும் தென்னோலைத் துண்டும். அதற்கு மேல் சருகு அரையடி. நாய் வராமல் இருக்க மேல் வாயை இன்னொரு வலைத் துண்டால் மூடிக் கல் வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் குவியலின் நடுவில் கையால் ஒரு குழி செய்து, அதற்குள் கழிவைக் கொட்டி, ஒரு வாளி சருகை அதோடு முள்ளுக்கரண்டியாலோ தடியாலோ நன்றாகக் கலந்து, மிச்சச் சருகால் மூடவேண்டும். வலையோரம் ஒரு சாண் அகலத்துக்கு எப்போதும் சருகு மட்டுமே இருக்கட்டும். கழிவு வலையைத் தொட்டால் ஈயும் எலியும் அதைக் கண்டுகொள்ளும். மூடி முடித்ததும் மேலிருந்து பார்த்தால் சருகைத் தவிர வேறொன்றும் தெரியக்கூடாது. பெரிய துண்டுகளை, குறிப்பாகப் பூசணித் தோலையும் வாழைத்தண்டையும், விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். தொடக்கத்தில் மாட்டுச் சாணம் இரண்டு வாளியைத் தண்ணீரில் கரைத்து அடுக்குகளுக்கு நடுவே தெளித்தால் நுண்ணுயிர் சீக்கிரம் பிடிக்கும். கடையில் விற்கும் உக்கவைக்கும் தூளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

குவியல் இரண்டடி உயர்ந்ததும் சூடு பிடிக்கும். ஓர் இரும்புக் கம்பியை நடுவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்கு மேல் பிடிக்கமுடியாத சூடு இருந்தால் உள்ளே 55 பாகை தாண்டியிருக்கும். அந்தச் சூடு மூன்று நாளாவது நிற்கவேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமியும் களை விதையும் ஈ முட்டையும் சாகும். கூட்டின் ஓரத்தில் அந்தச் சூடு வராது. ஆகவே ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும், கிளறுவதன் முதல் நோக்கம் அதுதான்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூடு நிரம்பும். வலையை அவிழ்த்து உருவி, பக்கத்தில் மறுபடி கட்டி, குவியலை வெட்டி மாற்றி நிரப்புங்கள். மேலே இருந்தது கீழே, ஓரத்தில் இருந்தது நடுவில். அப்போது கைப்பிடி எருவை எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தரம் கிளறி, பிறகு ஒன்றரை மாதம் ஆறவிடவேண்டும். மூன்று வலைக்கூடு இருந்தால் ஒன்று நிரம்பிக்கொண்டிருக்க, ஒன்று உக்கிக்கொண்டிருக்க, ஒன்று ஆறிக்கொண்டிருக்கும்.

நாற்றத்தையும் பிரித்துப் பார்க்கலாம். அழுகல் மணமும் முட்டை மணமும் வந்தால் ஈரம் கூடி, காற்றுப் போதவில்லை. கிளறிச் சருகு சேருங்கள். மூக்கை எரிக்கும் அமோனியா மணம் என்றால் மீனும் இறைச்சியும் கூடிவிட்டன. மரத்தூள் சேருங்கள். மணமும் இல்லை, சூடும் இல்லை, குவியல் அப்படியே நிற்கிறது என்றால் காய்ந்துவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது அடிக்கடி நடக்கும், வெளிப்பக்கம் ஒரே கிழமையில் சருகாக உலர்ந்துவிடும். அப்போது நனைத்த சாக்கைச் சுற்றிலும் கட்டி, மூன்று நாளுக்கொருமுறை ஒரு வாளி தண்ணீர் தெளியுங்கள். மாரியில் இதற்கு நேர்மாறு. மேலே கிடுகு வேய்ந்தோ படங்கு கட்டியோ மழையைத் தடுக்காவிட்டால் பசளையெல்லாம் கழுவுண்டு போய்விடும். படங்கைக் குவியலோடு ஒட்டிப் போர்த்தக்கூடாது, ஒரு முழம் உயரத்தில் கூரைபோல் நிற்கவேண்டும். படங்கின் மடிப்பில் தேங்கும் தண்ணீரை நாளாந்தம் தட்டிவிடுங்கள்.

புழுக்களில் எல்லாம் எதிரி அல்ல. தட்டையான, சாம்பல் நிறமான, தோல் தடித்த புழு கூட்டமாக இருந்தால் அது குளவி போன்ற கறுப்பு ஈயின் புழு. மனிதருக்குத் தீங்கில்லை, கழிவை வேகமாகத் தின்று குறைக்கும், கோழிக்கு நல்ல தீன். வெள்ளை நிறத்தில் மெல்லிதாக நெளிவது வீட்டு ஈயின் புழு. கழிவு மூடாமல் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கட்டைவிரல் மொத்தத்தில், மண்ணிறத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைக் கண்டால் விடாதீர்கள். அது தென்னையின் குருத்தைத் துளைக்கும் கருவண்டின் புழு. அந்த வண்டு முட்டையிடுவது எருக்குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும்தான். முட்டையிலிருந்து வண்டாக ஐந்தாறு மாதம் செல்லும். அதற்கிடையில் குவியலை இரண்டு தரமாவது கிளறிப் பொறுக்கி, நாலு மாதத்துக்கு மேல் எருவை வைத்திருக்காமல் போட்டு முடித்தால் அங்கிருந்து வண்டு வெளியேறாது. சுற்றிலும் தென்னை நிற்கும் ஊரில் இதைக் கவனிக்காமல் எரு செய்வது அயலவரின் தென்னைக்கும் கேடு.

மீன் கழிவு உங்களிடம் நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ இருக்குமென்று நினைக்கிறேன். ஒரு கிலோ வரை கூட்டின் நடுவில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேலே மரத்தூளும் சருகும் போட்டால் மணம் வராது. அதற்கு மேல் இருந்தால் மீன் கரைசல் செய்யுங்கள், மரக்கறிக்கு நல்ல திரவப் பசளை. அன்றைய மீனின் தலை, குடல், செதிளை நறுக்கி, நிறைக்கு நிறை சர்க்கரையோ மொலாசஸோ கலந்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பவேண்டும். மேல் இடம் நுரைக்கு. மூடியை இறுக்காமல் துணி கட்டி நிழலில் 30 நாள் வையுங்கள். சரியாக வந்தால் கனிந்த பழம்போலப் புளிப்பும் இனிப்புமான மணம், தேன் நிறச் சாறு. பிண மணம் வந்தால் இனிப்புக் குறைந்துவிட்டது. இன்னும் கால் பங்கு இனிப்புச் சேர்த்துக் கலக்குங்கள், இரண்டு நாளில் திருந்தாவிட்டால் குவியலுக்குள் போட்டுவிடுங்கள். வடித்த சாற்றைப் போத்தலில் அடைக்கும்போது மூடியை இறுக்கவேண்டாம், வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். 10 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு கிழமைக்கொருமுறை தெளித்தால் போதும். கீரைக்கு வேண்டாம், கழுவினாலும் மணம் நிற்கும். உப்பில் கிடந்த மீனையும் கருவாட்டையும் இதற்கு எடுக்கவே கூடாது. இறால் கோதையும் நண்டுக் கோதையும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து இடித்துக் கூட்டுக்குள் போடுங்கள்.

முட்டைக்கோது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது கல்சியம் காபனேற்று. மாவாக இடித்தால்தான் காலப்போக்கில் கரையும், உடைத்துப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு முட்டைக்கோது மருந்தென்று பலர் நம்புகிறார்கள். அந்த அழுகலுக்கு வழக்கமான காரணம், ஒரு நாள் கொட்டித் தண்ணீர் விட்டு மூன்று நாள் காயவிடுவது. மணலில் கிழமைக்கு இரண்டு தரம் நிறைய விடுவதைவிட நாளுக்கு ஒரு தரம் அளவாக விடுவது நல்லது.

நோய்ப்பட்ட செடிகளைக் கூட்டுக்குள் போடவேண்டாம். பச்சையாக நிற்கும்போதே திடீரென வாடிச் செத்த கத்தரியும் தக்காளியும், வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கிய செடியும் அதில் முக்கியமானவை. வேர் முடிச்சு வட்டப்புழுவால் வருவது, மணல் மண்ணில் அது மிக வேகமாகப் பரவும். கூட்டின் ஓரத்தில் சூடு போதாததால் அது தப்பிவிடும். அவற்றை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

எரு முற்றிவிட்டதா என்று நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கறுப்பாக இருந்தும் உள்ளே பச்சையாக இருக்கும். ஈரமான எருவில் இரண்டு கைப்பிடியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் நிழலில் வைத்துத் திறவுங்கள். முதல் மழை பட்ட மண்ணின் மணம் வந்தால் முற்றிவிட்டது. புளிப்போ அழுகலோ வந்தால் இன்னும் இரண்டு கிழமை. உப்பைச் சோதிக்க, எருவும் மணலும் பாதிக்குப் பாதி கலந்த ஒரு சிரட்டையிலும் வெறும் மணல் கொண்ட இன்னொரு சிரட்டையிலும் பத்துப் பத்து மிளகாய் விதை போடுங்கள். மணலில் எட்டு முளைத்து எருவில் நாலு மட்டும் முளைத்தாலோ, முளைத்ததின் நுனி கருகினாலோ உப்பு இருக்கிறது. அப்படியானால் எருவைச் சாக்கில் பரப்பி ஒரு தரம் நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். கொஞ்சம் நைதரசனும் போகும், ஆனால் கன்று பிழைக்கும்.

360 கிலோ கழிவும் 120 கிலோ சருகும் கடைசியில் 180 கிலோ அளவில் எருவாகும். சதுர மீற்றருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ என்று வைத்தால் 60 சதுர மீற்றருக்குப் போதும். கத்தரியை 90 சென்ரிமீற்றர் வரிசை இடைவெளியிலும் 60 சென்ரிமீற்றர் கன்று இடைவெளியிலும் நட்டால், நடும் குழிக்கு ஒரு கிலோ எருவை மேல்மண்ணோடு கலந்து, ஒரு கிழமை கழித்துக் கன்றை வையுங்கள். ஆறாம் கிழமையில் இன்னும் அரைக் கிலோவைக் கன்றைச் சுற்றிப் போட்டு மண் அணையுங்கள். மிளகாய்க்கு அதில் பாதி. பூசணிக்கும் பாகலுக்கும் ஒன்றரையடிக் குழியில் மூன்று கிலோ. போட்ட எருவின் மேல் வைக்கோலோ சருகோ மூடியிருக்கட்டும். வெயிலில் திறந்து கிடந்தால் மணலின் சூட்டில் அது மளமளவென்று தீர்ந்துவிடும்.

மழைக்காலத்தில் ஒரே தடவையாகப் போடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழை மணலைக் கழுவிக்கொண்டு போகும்போது கரைந்த நைதரசனையும் கொண்டுபோகும். மாரியில் முற்றும் எருவை உரப்பையில் கட்டிக் கூரைக்கடியில் வைத்து, மழை ஓய்ந்து தையில் நடும் பயிருக்குப் போடுவதுதான் லாபம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கூட்டெரு மட்டும் போட்டுக் கத்தரியில் நிறையக் காய் எடுக்கமுடியாது. அதில் நைதரசன் உலர்நிறையில் ஒன்று முதல் ஒன்றரை வீதம்தான், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு போல. சதுர மீற்றருக்குப் போடும் மூன்று கிலோ ஈர எருவிலிருந்து அந்தப் போகத்தில் பயிருக்குப் போவது மூன்று நாலு கிராம் நைதரசன்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்படும்வரை, கூட்டெரு யூரியாவின் இடத்தை அப்படியே பிடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. கூட்டெரு மண்ணைத் திருத்தும், தண்ணீரைப் பிடிக்கும், போட்ட பசளையைக் கழுவுண்டு போகாமல் தாங்கும். நைதரசனுக்கு வேறு வழி வேண்டும். வேலியில் கிளிசரிடியா நட்டு, பூக்கும் நேரத்திலும் காய்க்கும் நேரத்திலும் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ பச்சை இலை போட்டால் ஏழெட்டுக் கிராம் நைதரசன் சேரும். அல்லது நாலாம், எட்டாம் கிழமைகளில் கன்றுக்கு ஒரு தேக்கரண்டி யூரியா. எருப் போட்ட மண்ணில் அந்த யூரியாவும் வீணாகாது. உங்கள் மண்ணுக்கான அளவைக் கமநல சேவை நிலையத்திலுள்ள போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலோ கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

கடை இல்லாத வீடுகளில் நாளுக்கு ஒரு கிலோ கழிவுதான் வரும். அதற்குச் சூடு பிடிக்காது, ஆகவே மீனும் சமைத்ததும் வேண்டாம். அடி வெட்டிய பீப்பாயில் விரல் மொத்தத் துளைகள் போட்டு, வாளிக் கணக்கில் ஒரு பங்கு கழிவுக்கு மூன்று பங்கு சருகு என்று போட்டு வந்தால் ஐந்து மாதத்தில் எருவாகும். நாள் கூடுவதால் கருவண்டுப் புழுவை மாதம் ஒரு தரம் பார்க்கவேண்டும்.

உங்கள் முதற் கூட்டின் எருவை எல்லா மிளகாய்க்கும் போட்டுவிடாதீர்கள். இரண்டு வரிசைக்கு மட்டும் போட்டு மூன்று கிழமை பாருங்கள். புதிதாக விரியும் இலைகளின் ஓரம் பச்சையாகவே நின்றால் மிச்ச வரிசைகளுக்கும் போடலாம். ஓரம் மறுபடி கருகினால் அந்த எருவைக் கத்தரிக்கும் பூசணிக்கும் தள்ளிவிட்டு, அடுத்த கூட்டில் சமைத்த கழிவைப் பாதியாகக் குறையுங்கள்.